வீட்டுக்குப் பதினோரு தப்படி ரோடு

1974, தை மாதம். தங்கச் சுரங்க ஊரில், பாலகாட்டுக்கு அப்பால், சயனைடு மேட்டின் காலடியில் ஓடும் மண் ரோட்டுக்குத் தார் போட வந்த எஞ்சினீயர், முதலில் ரோட்டின் நடுவே ஒரு குழி வெட்டச் சொன்னார். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே தார் ஊற்ற முடியாதே!

கடப்பாரை இரண்டு முறை இறங்கியது. மூன்றாம் முறை 'ணங்' என்று எகிறி, வெட்டியவன் கையையே உதறவைத்தது.

எஞ்சினீயர் குழியருகே குந்தி, கையால் செம்மண்ணை ஒதுக்கிப் பார்த்தார். தலையளவு கற்கள். அவற்றின் சந்தில் கையளவு கற்கள். அதன் சந்தில் ஜல்லி. கட்டிய சுவரைப் படுக்கவைத்தது போல இறுகிக் கிடந்தன.

"இதைத் தோண்டி எடுக்கவே வேண்டாம். இதுமேலேயே தார் போடலாம்" என்றவர் நிமிர்ந்து கேட்டார். "யார் போட்ட ரோடு? எந்தக் கான்ட்ராக்டர்?"

வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒரு பெண்மணியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கீரைக்கூடை. காலில் செருப்பில்லை.

"தோ, இவங்கதான் சார் கான்ட்ராக்டரு!"

அந்தப் பெண்மணி வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எஞ்சினீயருக்குப் புரியவில்லை. புரியவேண்டுமென்றால் பதிமூன்று வருடம் பின்னால் போகவேண்டும்.

அவள் பெயர் பாப்பம்மா. பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்ல. அவள் கணவன் தர்மராஜ் நந்திதுர்க் சுரங்கத்தில் பதினாறு வருடம் டிரில் மிஷின் பிடித்தவன். கூண்டில் ஏறி, பூமிக்குள் ஆயிரமாயிரம் அடி இறங்கி, பாறையில் துளை போடுகிற வேலை. அவன் சேர்ந்த புதிதில் காய்ந்த பாறையில்தான் துளை போட்டார்கள். பிறகுதான் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே துளைக்கிற மிஷின் அவன் கைக்கு வந்தது. தூசி அடங்கியது. ஆனால் அதற்குள் பாறைத் தூசி அவன் நெஞ்சுக்குள் குடிபுகுந்துவிட்டது. 1961-ல் டாக்டர் அவன் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமேல் கீழே இறங்கக்கூடாது" என்றார். அன்று மாலை ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சங்கு தனக்கல்ல என்று தெரிந்து, தர்மராஜ் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பாப்பம்மா அழவில்லை. மறுநாள் விடிந்ததும் கூடையை எடுத்தாள்.

நாலு மைல் தள்ளியிருந்த கிராமத்தில் வெங்கடம்மா என்ற தெலுங்குக்காரியின் தோட்டத்தில் கீரையும் தக்காளியும் வாங்கி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குச் சுமந்துபோய் விற்பாள். வழியில்தான் இடைஞ்சல். கிராமத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் சயனைடு மேடு மலைபோல் குறுக்கே கிடந்தது. கல்லை அரைத்து, சயனைடு சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சாம்பல் நிற மாவைப் பல காலமாகக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு அது. பஸ்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போயின. மேட்டின் காலடியில் அரை மைல் நடந்தால் குறுக்கு வழி. ஆனால் அந்த வழியில் எந்த வண்டியும் வராது. அவள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது கீரை தலை தொங்கிக் கிடக்கும்.

மேட்டின் காலடியை ஒட்டித்தான் அவள் குடியிருந்த தொழிலாளர் லைன். தொண்ணூற்றாறு தட்டி வீடுகள். ஒரு கடை கிடையாது. யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

ஒருநாள் வாடிய கீரைக்கூடையை அப்படியே கொண்டுபோய் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பஸ் முதலாளி சிவப்பிரகாசத்தின் மேஜைமேல் வைத்தாள் பாப்பம்மா. அவருக்கு மளிகைக் கடையும் உண்டு, இரண்டு பஸ்ஸும் உண்டு.

"இன்னாம்மா இது? கடை வாசல் அந்தப்பக்கம்."

"விக்க வரலீங்க முதலாளி. காட்ட வந்தேன். உங்க பஸ்ஸு மேட்டைச் சுத்திக்கினு போவுது இல்ல, அதனால செத்துப்போன கீரை இது."

சிவப்பிரகாசம் சிரித்துவிட்டார். "சயனைடு மண்ணுல வண்டியை விட்டா சக்கரம் பொதைஞ்சுடும். அப்புறம் உன் கீரையை வெச்சுத்தான் இழுக்கணும்."

"வெயில் நாள்ல அந்த மண்ணு சிமிண்ட் மாதிரி இறுகிக் கெடக்கும். ஒரு நாள் வுட்டுப் பாருங்க. பொதைஞ்சா தொண்ணூத்தாறு வூட்டுப் பொம்பளைங்களும் வந்து தூக்குறோம்!"

அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. அது பலிக்கும் என்றுதான் இருவருக்கும் தெரியாது.

1962 பங்குனியில் குறுக்கு வழியில் முதல் பஸ் வந்தது. சக்கரம் புதையவில்லை. லைனே தெருவில் நின்று கை தட்டியது. கண்டக்டர் இன்பராஜ், மாப்பிள்ளை அழைப்பில் வருகிறவனைப் போலப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தான்.

அந்த ஒரு பஸ் செய்ததைக் கேளுங்கள்! ஆறு மாதத்தில் லைன் முனையில் டீக்கடை வந்தது. அதன் பக்கத்தில் சைக்கிள் கடை. ஒரு தையல் மிஷின். பெண்பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். வெங்கடம்மா இன்னும் ஒரு ஏக்கரில் தக்காளி போட்டாள். பஸ் போன தடத்தில் லாரி வந்தது, ஜீப் வந்தது. தட்டி வீடுகளில் பாதி ஓட்டு வீடுகளாயின. பாப்பம்மாவின் கீரை, வேரில் ஈரம் சொட்டச் சொட்ட மார்க்கெட்டில் இறங்கியது. "பஸ்ஸைக் கொண்டாந்த மவராசி" என்று அவளை லைனே கொண்டாடியது.

ஆனால் விதி, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கேட்காமல் விடுமா?

மறுவருடம் ஆடி பிறந்தது. காற்று எழுந்தது. இத்தனை காலம் யாரும் கிளறாமல் இறுகிக் கிடந்த மாவை வண்டிச் சக்கரங்கள் பொடிப்பொடியாக்கி வைத்திருந்தன. ஒவ்வொரு வண்டி போகும்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு புகைமலை எழுந்து லைன்மேல் சாய்ந்தது. சோற்றில் தூசி. தண்ணீர்ப் பானையில் தூசி. தொட்டில் சீலையில் தூசி.

தர்மராஜின் இருமல் மாறிவிட்டது. முன்பு விடியலில் மட்டும் வரும். இப்போது பஸ் வரும் நேரமெல்லாம் வந்தது. ஹாரன் கேட்டால் முதலில் அவன் முகம் வெளுக்கும். பிறகு சுவரைப் பிடித்துக்கொள்வான். பாப்பம்மா பஸ்ஸில் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்ப்பாள். புகைமலைக்குப் பின்னால் தன் வீடு மறைவது தெரியும். தனக்குச் சோறு போடுகிற வண்டியே தன் புருஷன் மூச்சை மிதித்துக்கொண்டு போகிறதே! யாரிடம் சொல்வாள்?

பக்கத்து வீட்டு சுலோச்சனா வாய்விட்டே சொன்னாள். அவளுடைய கைக்குழந்தை பத்து நாளாகத் தூங்கவில்லை. அவள் கணவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒரு மனு எழுதிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் லைன் கூடியது. கையெழுத்துப் போடுகிறவர்கள் போட்டார்கள்; மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். காகிதம் பாப்பம்மா முன்னால் வந்து நின்றது.

"வை அக்கா" என்றாள் சுலோச்சனா. "பஸ்ஸைக் கூப்பிட்ட கையே வெச்சாத்தான் முதலாளி கேப்பாரு. உன் கீரை பெருசா, எம்புள்ள பெருசா? அது கெடக்கட்டும், உம்புருஷன் பெருசில்லையா உனுக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை! பாப்பம்மா ஆடிப்போனாள். வைத்தால் பஸ் போகும், டீக்கடை போகும், பெண்பிள்ளைகளின் படிப்பு போகும், அவள் அடுப்பு அணையும். வைக்காவிட்டால்? வீட்டுக்குள்ளிருந்து அந்த இருமல் கேட்டது. மை தடவிய கட்டைவிரல் காகிதத்தை நோக்கி இறங்கியது.

"நிறுத்தும்மே!"

தர்மராஜ்! மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றிருந்தான். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினான்.

"டிரில்லருங்க யாரார் கீறீங்க இங்க? கை தூக்குங்கடா."

இருபது, முப்பது கைகள் எழுந்தன.

"கீழ, தண்ணி தெறக்காம எவனாவது இப்ப மிஷினைத் தொடுவீங்களா?"

"தொட மாட்டோம்ண்ணா."

"தொட்டா?"

பதில்தான் அவர்கள் முன்னால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றதே!

"அப்புறம் மேல மட்டும் இன்னாத்துக்குடா காய்ஞ்ச மண்ணுல வண்டிய வுடுறீங்க? தூசி இன்னா பஸ்ஸுக்குப் பொறந்ததா? காய்ஞ்சதுக்குப் பொறந்தது. சொரங்கச் சாஃப்ட்டுலேர்ந்து பம்பு பண்ற உப்புத்தண்ணி வாய்க்கால்ல சும்மா ஓடுது. குடிக்கத்தான் ஆவாது. ரோட்டுக்கு ஆவும்."

பாப்பம்மா கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். மைக்கறை கடைசிவரை அந்தப் புடவையை விட்டுப் போகவில்லை.

"பத்து நாள் குடு சுலோச்சனா. தூசி அடங்கலன்னா நானே மொதல் கைநாட்டு வெக்கிறேன்" என்றாள். "தெனமும் காலைல வாசல் தெளிக்கிறோம் இல்ல? அதையே ரோட்டுவரைக்கும் நீட்டிக்குவோம். அவங்க அவங்களுக்கு அளந்து வுட்டுடலாம்."

மேட்டின் காலடி ரோட்டைத் தர்மராஜ் சொல்லச் சொல்லத் தப்படியால் அளந்தார்கள். வீட்டுக்குப் பதினோரு தப்படி வந்தது.

மறுநாள் விடியலில் நடந்ததை இன்றும் லைன்காரர்கள் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார்கள். வாசல் தெளிப்பதில் எந்தப் பெண் பக்கத்து வீட்டுக்காரிக்கு விட்டுக்கொடுப்பாள்? ஒருத்தி இரண்டு குடம் ஊற்றினால் அடுத்தவள் நாலு குடம். சுலோச்சனா, 'எம்பங்குல குத்தம் சொல்லக்கூடாது' என்று ஏழு குடம். ஒரு பொட்டுத் தூசி இல்லை. ரோடு கண்ணாடிபோல் மின்னியது. நாலு பெண்கள் கோலம்கூடப் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் முதலாளி சிவப்பிரகாசம், சலவை வேட்டியோடு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

பஸ் சுலோச்சனாவின் பங்கில் ஏறியது; ஏறிய வண்டி இறங்கவில்லை. அரைத்த கல்மாவு தண்ணீரோடு சேர்ந்தால் என்னவாகும்? இட்லி மாவாகும்! பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின. பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தது. தக்காளிக் கூடைகள் கூரையிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்தன. இறங்கிய முதலாளி முழங்கால்வரை போய் நின்றார். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"எங்கம்மா தொண்ணூத்தாறு பொம்பளைங்க? வந்து தூக்குங்க!" என்று கத்தினார்.

தூக்கினார்கள். உண்மையாகவே தூக்கினார்கள். சுலோச்சனா குழந்தையை இறக்கி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தாள். இருந்தாலும் சிவப்பிரகாசம் போகும்போது திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் இனிமே என் வண்டி வராது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வீட்டில் தர்மராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

"எந்தப்பு பாப்பா. கீழ கல்லுக்குத் தண்ணி வுட்டோம். இங்க மாவுக்கு வுட்டுட்டேன். கல்லு இல்லாம தண்ணி வுடலாமா? பதினாறு வருசம் வேலை செஞ்சவனுக்கு இது தெரிய வேணாம்?"

பாப்பம்மா அவன் தலையைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்ப கல்லு போட்டா சரியாப் போவுமா?"

அவன் கண் மின்னியது. "கீழ வெட்டியெடுத்த பள்ளத்தை எப்புடி அடைக்கிறோம்? பெரிய கல்லு, அதும் சந்துல சின்னது, அதும் சந்துல பொடி. மலையே மேல உக்காந்தாலும் அசையாது. தங்கம் இல்லாத கல்லு குவியல் குவியலாக் கெடக்குது. கேட்டா குடுப்பாங்க."

கேட்டாள். ஆபீஸ் குமாஸ்தா, வீணாய்க் கிடக்கிற கல்லைக் கேட்கிறவளை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு தொடங்கியது அந்த லைன் கண்டிராத திருவிழா! பகல் ஷிப்ட்டு முடிந்து வந்தவர்கள் மாலையில் கல் சுமந்தார்கள். இரவு ஷிப்ட்டு முடிந்து வந்தவர்கள் காலையில் கல் உடைத்தார்கள். எட்டு மணி நேரம் பூமிக்குள் பாறையோடு போராடிய கைகள், மேலே வந்து மறுபடி சம்மட்டியைப் பிடித்தன. தர்மராஜ் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஈரத்துணியை விலக்கி விலக்கி உத்தரவு போட்டான். "சந்து தெரியுதுடா அங்க! வாய் பொளந்துக்கினு கீது பாரு!" இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்தவனை யாரோ 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள்.

கல் கிடைத்தது. மேலே போர்த்தச் செம்மண் வேண்டுமே? மேட்டைச் சுற்றி எங்கே தோண்டினாலும் சாம்பல்தான். செம்மண் கிராமத்தில்தான் இருந்தது. பாப்பம்மா வெங்கடம்மாவிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து மெயின் ரோட்டில் போன சிவப்பிரகாசத்தின் பஸ்ஸில், மார்க்கெட்டுக்கு வந்த ஒவ்வொரு கிராமத்துக்காரரும் காய்க்கூடையோடு ஒரு கூடை மண்ணும் ஏற்றினார்கள். லைன் பெண்கள் மெயின் ரோட்டிலேயே நின்று இறக்கிக்கொண்டார்கள்.

"மண்ணுக்கு லக்கேஜ் டிக்கெட்டு உண்டாப்பா?" என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, இன்பராஜ் சொன்ன பதில் பெயர் பெற்றது. "மண்ணுக்கு டிக்கெட்டு கேட்டா, நாளைக்கு அது என்னை உள்ள வுடாது தாத்தா. ஏறு, ஏறு!"

பத்தாம் நாள் குட்டு உடைந்தது. தன் பஸ்ஸின் கூரையில் தோட்டம் போடுகிற அளவுக்கு மண் இருப்பதைச் சிவப்பிரகாசம் பார்த்துவிட்டார். இன்பராஜின் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவனையும் கூட்டிக்கொண்டு லைனுக்கு வந்தார், பாப்பம்மாவை ஒரு கை பார்த்துவிடுவது என்று.

வந்தவர் நின்றார்.

அரை மைல் நீளத்துக்கு இருநூறு பேர். கல் உடைபடும் ஓசை. மண் கொட்டும் பெண்களின் வரிசை. அதற்கு நடுவில் முக்காலியில், எலும்பும் தோலுமாக ஒரு மனிதன். வாயைத் திறந்தால் இருமல்; ஆனாலும் ஒரு கல்லைக்கூடச் சாய்வாக வைக்க அவன் விடவில்லை. முதலாளி குனிந்து, போட்டு முடித்த இடத்தில் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். அசையவில்லை.

பாப்பம்மா தலையில் மண்கூடையோடு அவர் முன்னால் வந்தாள். "உங்க பஸ்ஸுல மண்ணு ஏத்துனது எங்குத்தங்க. கண்டக்டரைத் திட்டாதீங்க."

சிவப்பிரகாசம் கல் வரிசை முடிகிற இடத்தைப் பார்த்தார். "திட்ட வந்தேன்தான்மா. இன்னும் எவ்வளவு மண்ணு வேணும்?"

"இன்னும் முப்பது வூட்டுப் பங்கு பாக்கிங்க."

"இன்பராஜ்! நாளைக்குக் காலி ட்ரிப் ஒண்ணு அடி. மண்ணுக்குன்னே அடி." போகத் திரும்பியவர் நின்றார். "ஆனா என் செருப்பு உள்ள எங்கியோ கீது. அதையும் சேத்துத்தான் ரோடு போட்டுட்டீங்க!"

அதற்குச் சுலோச்சனாதான் முதலில் சிரித்தாள்.

ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை. விடியலில் தொண்ணூற்றாறு வீட்டுப் பெண்களும் இறங்கினார்கள். இந்த முறை வீட்டுக்கு இரண்டே குடம். அதற்குமேல் ஊற்றினால் திட்டு. செம்மண் ஈரமாகி, வாசனையோடு படிந்தது. ஹாரன் கேட்டது. தர்மராஜின் முகம் வழக்கம்போல் வெளுத்தது. கை சுவரைத் தேடியது.

பஸ் வந்தது. போனது. சாம்பல் புகை எழவில்லை.

தர்மராஜ் மெல்ல மூக்கிலிருந்த துணியை அவிழ்த்தான். ஒரு மூச்சு இழுத்தான். இருமல் வரவில்லை. இன்னொரு மூச்சு. பஸ் முனையில் திரும்பி அவர்கள் வாசலிலேயே வந்து நின்றது. இன்பராஜ் குதித்து இறங்கி, "மேஸ்திரி அண்ணா, ஏறுங்க. ராபர்ட்சன்பேட்டைக்குப் போலாம்" என்று கைநீட்டினான். இரண்டு வருடமாகப் பஜாரைப் பார்க்காத மனிதன், மனைவியின் கீரைக்கூடைக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனான். வழியெல்லாம் அவன் பஜாரைப் பற்றிப் பேசவில்லை. தலையை வெளியே நீட்டி, தான் போட்ட ரோட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

சுலோச்சனா மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அவள் குழந்தை அன்று மதியம் அசந்து தூங்கியது.

நெஞ்சில் ஏற்கெனவே படிந்த பாறையை யாரால் கழுவ முடியும்? அடுத்த ஆடி தாண்டமாட்டான் என்றார்கள். தர்மராஜ் ஐந்து ஆடி தாண்டினான். தண்ணீர் தெளிப்பது மட்டும் போதாது, மேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டுப் பங்கிலும் ஒரு புங்கங்கன்று வைக்கச் செய்தான். செம்மண்ணில் குழி நிரப்பி, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். காற்று அதோடு ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆடியில் மேடு இன்றும் சீறத்தான் செய்கிறது. ஆனால் இலைகள் முதலில் சாம்பல் பூசிக்கொண்டபிறகுதான் அது வீடுகளைத் தொடும்.

1968-ல் அவனை அந்த ரோட்டில்தான் தூக்கிப் போனார்கள். எதிரே வந்த பஸ் ஓரமாக நின்றது. வண்டி நிறைய இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். இன்பராஜ் தொப்பியைக் கழற்றினான். அடுத்த நாள் காலை, கண் வீங்கிய பாப்பம்மா இரண்டு குடத்தோடு தன் பதினோரு தப்படிக்கு வந்தபோது, அது ஏற்கெனவே நனைந்திருந்தது. சுலோச்சனா காலிக் குடத்தோடு நின்றிருந்தாள்.

இன்று அந்த லைனிலிருந்து பெண்பிள்ளைகள் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த எஞ்சினீயர் வரும்வரை எந்த அரசாங்கக் காகிதத்திலும் அந்த ரோட்டுக்குப் பெயர் கிடையாது. ஆனால் கண்டக்டர்கள் எல்லாரும், "பாப்பம்மா ரோடெல்லாம் எறங்கு!" என்றுதான் கூவினார்கள்.

குழியருகே எஞ்சினீயர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "ரோட்டுக்குப் பேர் எழுதணும்மா. உங்க பேரையே எழுதிடவா?"

"எம்பேரு இன்னாத்துக்கு சார்?" என்றாள் பாப்பம்மா. "நான் கீரைக்காரி. கல்லு வெக்கச் சொன்னது அவரு."

கூட்டத்திலிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது. "நீங்க எழுதுங்க சார்! அவ வேணான்னுதான் சொல்லுவா. பாப்பம்மா ரோடுன்னே எழுதுங்க!"

எழுதினார்.

தார் போட்டு முடிந்த மறுநாள் விடியல். பழக்கம் யாரை விட்டது? தொண்ணூற்றாறு வீட்டிலிருந்தும் பெண்கள் குடத்தோடு இறங்கிவிட்டார்கள். கருப்பாக, வழவழவென்று நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாப்பம்மா தன் பதினோரு தப்படியையும் ஒரு தரம் நடந்து பார்த்தாள். பிறகு, இரண்டு குடத்தையும் தர்மராஜ் வைத்த புங்கமரத்தின் வேரில் கவிழ்த்துவிட்டு, கீரைக்கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.